எங்கள் வீட்டில் தமிழ் நின்றுபோன முப்பத்தாறு நாட்கள்

1

ஊரில் கத்திரி தொடங்கிய அன்றுதான் எங்கள் வீட்டில் தமிழ் நிறுத்தப்பட்டது. நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து அக்கா கூப்பிட்டிருந்தாள். "இங்கிட்டு மனுசர் இருக்க முடியல செல்வி. ஒனக்கென்ன, கடலோரத்துல சொகுசா இருக்க" என்றாள். ஆமாம் என்றுதான் சொன்னேன். வெளிநாட்டில் இருப்பவள் அக்காவிடம் காலை நேரத்தில் வேறென்ன சொல்வது?

இங்கே பினாங்கில் கோடை என்று தனியாக எதுவும் கிடையாது. வருடம் முழுக்க ஒரே புழுக்கம். சாலையோரம் டுரியான் பழத்தைக் குவித்துவைத்து விற்க ஆரம்பித்தால் ஜூன் நெருங்குகிறது என்று அர்த்தம். எங்கள் வீடு ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி. என் கணவர் முகிலன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தினமும் பாலம் கடந்து சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். மகள் யாழினிக்கு எட்டு வயது. மகன் கவினுக்கு நான்கு. நான் இவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து ஒன்பது வருடமாகிறது. அதற்கு முன்பு அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளை என் ஒற்றைக் குரலால் அடக்கி வைத்திருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

அன்று பதினொரு மணிக்குக் கவினின் பாலர் பள்ளியிலிருந்து வரச் சொன்னார்கள். அவனுடைய டீச்சர் மிஸ் ஷாமளா. ஐம்பது வயதிருக்கும். தமிழர்தான். எதிரில் உட்காரவைத்து, கவின் படம் வரைந்த தாள்களை மேசைமேல் பரப்பி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"கவின் மம்மி, தப்பா நெனைக்காதீங்க. அவன் வயசுப் பிள்ளைங்க எல்லாம் கதை சொல்லுதுங்க. இவன் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறான். கூப்பிட்டா திரும்பறதில்ல. வீட்ல என்னா பாஷை?"

"தமிழ்தான் மிஸ்."

"அக்காகாரி?"

"அவ மலாய்ப் பள்ளி. அவனோட கொஞ்சம் மலாய், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவா."

"அதான்லா. மூனு பாஷை ஓடுது. பையன் குழம்பிப் போய்ட்டான். நான் எவ்ளோ பிள்ளைங்களப் பார்த்துட்டேன். வீட்ல ஒரே பாஷை வைங்க. இங்கிலீஷ் மட்டும். ஆறே மாசத்துல எப்படிப் பேசுறான்னு பாருங்க."

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். நானும் என் காதாலேயே கேட்டேன். இரண்டு பேருக்கும் அந்தச் சொற்கள் மண்டையில் ஏறவில்லை.

2

முகிலனிடம் சொன்னதும், எப்போது யாராவது இப்படிச் சொல்வார்கள் என்று காத்திருந்தவரைப் போல ஒப்புக்கொண்டார். அன்று மாலையே ஒரு தாளில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் 'ஆங்கிலம் மட்டும்' என்று எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினார்.

"எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராதுங்க."

"வரும்லா. பேசப் பேசத்தான் வரும். ஒனக்கும் நல்லதுதான்."

"அவங்கிட்ட நான் என்னத்தப் பேசுவேன்?"

"செல்வி, நான் தமிழ்ப் பள்ளியில படிச்சவன். மொத வேலைக்கு இண்டர்வியூல உக்காந்து, கேக்கறது புரிஞ்சும் பதில் சொல்லத் தெரியாம முழிச்சது நான்தான். என் மகன் முழிக்க வேணாம்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வலி உண்மையானது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். மூடியது என் தப்பு. அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை கவினை எழுப்பப் போனேன். எப்போதும் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "என் பட்டுக்குட்டி, என் செல்லக் கழுதை, எந்திரிடா, குருவியெல்லாம் வேலைக்குப் போயிருச்சு" என்று ஏதாவது உளறுவேன். அன்று கட்டில் பக்கத்தில் நின்று யோசித்தேன். செல்லக் கழுதைக்கு ஆங்கிலத்தில் என்ன? கெட் அப் என்றேன். பிரஷ் என்றேன். ஈட் என்றேன். சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிந்துபோனது, என் ஆங்கிலத்தில் ஏவல் மட்டும்தான் இருந்தது. வா, போ, உட்கார், தொடாதே, சீக்கிரம். கொஞ்சுவதற்கு ஒரு சொல்கூட இல்லை. பெற்ற பிள்ளையிடம் நான் காவல்காரியைப் போலப் பேசிக்கொண்டிருந்தேன்.

குளிக்க வைக்கும்போது கதை சொல்வது வழக்கம். சோப்புக்கும் வாளிக்கும் சண்டை, தவளை வந்து தீர்த்து வைக்கும், இப்படி ஏதாவது. அதுவும் நின்றது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும். கவின் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். எங்கே தவளை என்று கேட்கிற பார்வை என்று அப்போது நினைத்தேன். அவன் ஏன் எப்போதும் என் வாயையே பார்க்கிறான் என்று யோசித்திருக்க வேண்டும்.

யாழினி என்னைத் திருத்த ஆரம்பித்தாள். அவள் கெட்டவள் இல்லை. நியாயமான பிள்ளை. தப்பு என்றால் தப்பு என்பாள். "அம்மா, அது அப்படி இல்ல" என்று தொடங்கி நான் சொன்னதைச் சரியான ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுவாள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அவள் எதிரில் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல், எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயந்து அடங்கிப்போனது.

ஊரிலாவது யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்கு வாயெல்லாம் பல்.

"நல்லதுதானடி. இங்கிட்டு அதுக்குத்தான வேன் பீசு கட்டி, டை கட்டி அனுப்புறோம். ஒனக்கு வீட்டுலயே கெடைக்குது."

"அவன் என்னைய அம்மான்னு கூப்பிட்டு ரெண்டு நாளாச்சுக்கா."

"மம்மின்னு கூப்புடுறானா?" என்று கேட்டாள், ஆசையாக.

எதுவும் கூப்பிடவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூலியா தெருவில் சாப்பிடப் போனோம். நாங்கள் வழக்கமாகப் போகும் நாசி கண்டார் கடை. சோற்றின்மேல் நாலைந்து குழம்பை ஊற்றிக் கலந்து கொடுப்பார்களே, அந்தக் கடை. பரிமாறுகிற அண்ணனுக்கு எங்கள் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து தெரியும். அவர் கவினுக்கு நேர் எதிரே குனிந்து, முகத்துக்கு முகம் வைத்து, "தம்பி, கோழியா மீனா?" என்றார்.

"கோழி" என்றான் கவின், பளிச்சென்று.

முகிலன் சிரித்துக்கொண்டே, "அண்ணே, அவங்கிட்ட இங்கிலீஷ்ல பேசுங்கண்ணே. டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றார்.

அந்த அண்ணன் நிமிர்ந்து கரண்டியைத் தட்டின் ஓரத்தில் தட்டினார். "நான் மலாய்ல பேசுவேன், சீனன் வந்தா ஹாக்கியன்ல பேசுவேன், வெள்ளக்காரன் வந்தா இங்கிலீஷ் பேசுவேன். எல்லாம் யாவாரத்துக்கு. பிள்ளைகிட்ட என்னாத்துக்கு யாவாரம் பேசணும்?" என்றார். சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

முகிலனுக்கு முகம் சிவந்தது. சாப்பிட்டு முடிக்கிறவரை யாரும் எந்த மொழியிலும் பேசவில்லை.

3

மொழி விஷயத்தில் நான் இந்த ஊரில் படாத பாடு இல்லை. வந்த புதிதில் மாமியார், "சமான் வந்திருக்கும்மா, எடுத்து வை" என்றார். ஏதோ கடைச்சாமான் வந்திருக்கிறது என்று நினைத்து வாசலெல்லாம் தேடினேன். இங்கே சமான் என்றால் போக்குவரத்து அபராதச் சீட்டு. அது தபாலில் வந்து மேசைமேல் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபோது, நம்மை ஏன் பசித்துக் கிடந்தவளாக நினைக்கிறார் என்று சுருக்கென்றது. காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் பெயர். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். தமிழுக்குள்ளேயே தடுக்கி விழுந்தால் தூக்கிவிடவும் தமிழ்தான் வந்தது.

சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. என் கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் அனுமதியில் நான் நீண்டகால வருகையாளர். அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கணவர் கூட வந்து, இவள் என் மனைவிதான் என்று நின்று கையெழுத்துப் போட வேண்டும். வேலைக்குப் போக வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி. ஒன்பது வருடமாக நான் விருந்தாளி. சமைத்து, துவைத்து, இந்த நாட்டுக்கு இரண்டு குடிமக்களைப் பெற்றுக் கொடுத்த விருந்தாளி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கேள்வி எல்லாவற்றையும் இவரிடமே கேட்பார்கள். நான் நடுவில் வைத்த பூச்சாடி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் எனக்கென்று ஒரு பேச்சு இருந்தது. அந்த வீட்டுக்குள்ளும் ஒரு தாளை ஒட்டிவிட்டார்கள்.

4

மே கடைசியில் பள்ளி விடுமுறை வந்தது. இரண்டு பிள்ளைகளும் முழுநாளும் வீட்டில். மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுற்றியும் வியர்வை நிற்கவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கீழே கூட்டிக்கொண்டு போவேன். கட்டடத்துக்கும் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கும் நடுவில் சிமெண்டுத் தரை. அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒருநாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து யாழினியின் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாகத் திரும்பி வந்தது. ஓட்டியவர் ஹாரனை அழுத்திக்கொண்டேதான் வந்தார். மற்ற பிள்ளைகள் எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி சிதறிவிட்டார்கள். கவின் மட்டும் நின்றான். வண்டி அவனுக்கு இடப்பக்கம். அவன் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? ஸ்டாப் என்று கத்தினேன். ஒரு மாதப் பழக்கம். உயிர் போகிற நேரத்திலும் என் வாயில் ஆங்கிலம் வந்தது. அவன் நிமிரவில்லை. பிறகு "கவினு" என்று அடிவயிற்றிலிருந்து ஊர்க்குரலில் கத்தினேன். அதற்கும் நிமிரவில்லை. யாழினி ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் சிமெண்டில் விழுந்தார்கள். வண்டி கிறீச்சிட்டு, ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

ஓட்டியவர் மலாய்க்காரர், நடுத்தர வயது. "பெக்காக் கா?" என்று கேட்டார். இந்தப் பிள்ளை செவிடா என்று அர்த்தம். பயத்தில் வந்த கோபம்தான் அது.

யாழினி முழங்கையில் ரத்தத்தோடு எழுந்து நின்று அவருக்கு மலாயில் பதில் சொன்னாள். மரியாதையாக, சாதாரணமாக, மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல. "ஆமா அங்கிள், இடது காது ரொம்ப மோசம்."

அவர் வண்டியை நிமிர்த்தி ஓரம் கட்டினார்.

பிள்ளைகளைப் படிக்கட்டுக்கு இழுத்து வந்து உட்காரவைத்தேன். கவினுக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு மட்டும். யாழினி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"தமிழ்ல சொல்லு."

"அப்பா ஏசுவாங்க."

"ஏசட்டும். சொல்லு. இடது காதுக்கு என்ன?"

"அவனுக்குச் சின்னச் சத்தம் எல்லாம் கேக்காதும்மா. இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா சுத்தமா கேக்காது. முன்னாடி வந்து மொகத்தக் காட்டிப் பேசணும். அப்பதான் புரியும். நான் அப்படித்தான் பேசுவேன்."

"எப்பருந்து ஒனக்குத் தெரியும்?"

"ரொம்ப நாளா. சளி வந்துச்சே, அப்பத்துலேருந்து."

"ஏன் பாப்பா எங்கிட்டச் சொல்லல?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் எதுவும் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்க பெரியவங்கதானே" என்றாள்.

5

அன்று முகிலன் ஆறரைக்கு வந்தார். கதவைத் திறந்ததும் தமிழில் ஆரம்பித்தேன். செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. முப்பத்தாறு நாள் அடைத்துவைத்தது அவ்வளவும் வந்தது. என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுத முடியாது. நல்ல குடும்பத்துப் பத்திரிகை அச்சிட முடியாத அருப்புக்கோட்டைச் சொற்கள் அதில் சில இருந்தன.

"டீச்சர் சொன்னாங்கல்ல செல்வி" என்றார் அவர், கேட்காத குரலில்.

"டீச்சருக்கு அவன் முப்பதுல ஒருத்தன். நமக்கு?"

"நீயும்தானே கூட இருந்த. நாள் முழுக்க."

அது சரியான இடத்தில் விழுந்தது. நான் டீச்சராக இருந்தவள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே முதுகைக் காட்டிப் பேசினால் எந்தப் பிள்ளை தடுமாறுகிறது என்று பார்த்து, அதை முதல் பெஞ்சுக்கு மாற்றிய நாட்கள் உண்டு. அடுத்தவர் பிள்ளைக்குத் தெரிந்தது சொந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அதை யார்மேல் போடுவது என்று தெரியாமல் பாத்திரங்களின்மேல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று நான் நேரே போய்க் குளிர்பெட்டிக் கதவிலிருந்து தாளைக் கிழித்தேன். ஒட்டுநாடா வலுவானது. பாதி எழுத்து கதவிலேயே தங்கிவிட்டது. முகிலன் வந்து நகத்தால் மீதியைச் சுரண்டினார். ஒரு மணி நேரம் சுரண்டியிருப்பார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அவர் விடுப்புப் போட்டார். பக்கத்துக் கிளினிக்கில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் காது நிபுணரிடம் அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து இடம் கிடைத்தது. அங்கே கவுண்டரில் ஒரு படிவம். அந்தப் பெண் என் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்பா எழுதட்டும், அது சுலபம் என்று எனக்கு முன்னால் வைத்திருந்த படிவத்தை எடுத்து இவருக்கு முன்னால் வைத்தாள். முகிலன் வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தார். 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் கை தானாக ஆங்கிலம் என்று எழுதியது. நான் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டுத் தமிழ் என்று எழுதினேன். தமிழ் எழுத்திலேயே எழுதினேன். கவுண்டர் பெண் அதை உற்றுப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டாள்.

"நாங்க பேசற மொழி" என்றேன் மலாயில். அந்த ஒரு வாக்கியத்தை நான் தடுக்காமல் சொன்னேன்.

பரிசோதனை ஒரு சின்ன அறையில் நடந்தது. கவினின் தலையில் பெரிய ஒலிக்கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை எடுத்துப் பெட்டியில் போடச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே. முதலில் இரண்டு கட்டை போட்டான். பிறகு கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அந்தப் பெண் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறாள், இவன் காத்துக்கொண்டே இருக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை, சத்தம் வந்ததும் போடலாம் என்று கட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகிலன் எழுந்து வெளியே போய்விட்டார்.

நிபுணர் ஒரு சீன டாக்டர் அம்மா. படம் வரைந்து காட்டினார். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசைபோலத் திரவம் தேங்கியிருக்கிறது. இடதில் அதிகம். பல மாதமாக இருக்கலாம். தண்ணீருக்கடியில் இருந்துகொண்டு வெளியே பேசுவதைக் கேட்பது மாதிரிதான் இவனுக்கு இத்தனை நாளும் கேட்டிருக்கும் என்றார். சிறுபிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவதுதான், சரிசெய்துவிடலாம், ஆனால் இவனுக்குப் பேச்சும் தாமதமாகியிருப்பதால் காத்திருக்காமல் அது வடியக் காதில் சின்னக் குழாய் வைத்துவிடுவது நல்லது என்றார்.

நான் என் காவல்காரி ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பாஷை குழப்பத்தால் இப்படி வருமா?

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்டார். மூன்று மொழி கேட்டு வளர்வதால் காதில் நீர் கோக்காது, உங்களுக்கு எது தாராளமாக வருகிறதோ அதில் நிறையப் பேசுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். முகிலன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் திரும்பி வரும்போது சிக்னலில் நின்றபோது, "நான் முழிச்சதுக்கு அவனப் போட்டு வாட்டிட்டேன்" என்றார். அவருக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். அன்று முடியவில்லை.

6

பாலர் பள்ளி திறந்த அன்று பரிசோதனைத் தாளோடு போனேன். மிஸ் ஷாமளா வாங்கிப் பார்த்தார்.

"ஐயோ பாவம். நல்ல வேளை கண்டுபிடிச்சீங்க கவின் மம்மி."

"மிஸ், கூப்பிட்டா திரும்பலைன்னு நீங்கதான் சொன்னீங்க. காதைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாஷையை நிறுத்துன்னு சொன்னீங்க."

"நான் டாக்டர் இல்லியே."

"இல்லைதான். அப்புறம் மருந்து மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

அவர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். "கோபப்படாதீங்க. ஒன்னும் கெட்டுப் போகல. எப்படியோ இங்கிலீஷ் கொஞ்சம் வந்துச்சில்ல? அது நல்லதுதானே" என்று சிரித்தார்.

எழுந்துவிட்டேன். கதவுக்கு வெளியே மற்றத் தாய்மார்கள் நின்றார்கள். எனக்குக் கவலையில்லை. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக என் வகுப்பறைக் குரல் வந்தது.

"மிஸ், என் பிள்ளைக்கு அரைகுறையாக் கேட்டது என் குரல் ஒன்னுதான். தெனமும் எழுப்பறப்ப ஒரு பேச்சு, குளிக்கறப்ப ஒரு கதை, அவனுக்குப் பழகின சத்தம் அது. கேக்காட்டியும் அவன் வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டிருந்தான். அதையும் புடுங்கிட்டு, முப்பத்தாறு நாள் புரியாத வாயசைப்பைக் குடுத்தோம். நீங்களும் நானும் அவன் அப்பாவும் சேர்ந்து செஞ்சோம். என் பங்கை நான் ஒத்துக்கறேன். உங்க பங்கை நீங்க ஒத்துக்கங்க. அடுத்து எந்தப் பிள்ளை பேசலைன்னாலும், மொதல்ல காதைப் பாருங்கன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "சரி. சொல்றேன்" என்றார். சிரிப்பு போயிருந்தது. சொல்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

வேறு பள்ளிக்கு மாற்றினீர்களா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். மாற்றவில்லை. கவினுக்கு அங்கே ஒரு சிநேகிதன் இருக்கிறான், வெய் ஜியே என்று ஒரு சீனப் பையன். இரண்டு பேரும் பேச்சே இல்லாமல் மணிக்கணக்கில் மணலில் சுரங்கம் தோண்டுவார்கள். அவனை இழக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் தினமும் காலையில் மிஸ் ஷாமளாவுக்கு நான் வணக்கம் சொல்கிறேன். அவரும் சொல்கிறார். அந்த இரண்டு வணக்கத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அக்காவிடமும் சண்டை போட்டேன். மம்மி என்று கூப்பிடுகிறானா என்று கேட்டதை அவள் மறந்தே போயிருந்தாள். "நான் எப்ப கேட்டேன்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கூட்டுல சின்னவளும் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா. டிவி பாக்குறான்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். நாளைக்கே கொண்டுபோய்க் காதைக் காட்டு என்றேன். காட்டினாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, டிவிதான். அதற்கும் என்னைத் திட்டினாள்.

7

குழாய் வைத்தது அரைநாள் வேலை. மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்த சாயங்காலத்திலிருந்து கவின் வேறு ஊருக்கு வந்தவன் மாதிரி நடந்துகொண்டான். குக்கர் விசில் அடித்ததும் மேசைக்கடியில் போய்ப் புகுந்தான். பிளாஸ்டிக் பையைக் கசக்கினால் காதைப் பொத்தினான். ஒன்றுக்குப் போகும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாதியில் நிறுத்திவிட்டு, யார் என்று திரும்பிப் பார்த்தான். யாழினி தரையில் உருண்டு சிரித்தாள். முகிலனும் சிரித்தார். அவர் இப்போது அவனுக்கு எதிரே மண்டியிட்டுத்தான் பேசுகிறார், தேவையில்லாதபோதும். தமிழில்தான். அவருடைய தமிழ், லா போட்ட தமிழ். நான் அதைத் திருத்துவதில்லை.

பேச்சு உடனே வந்துவிடவில்லை. நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். சொற்கள் ஒன்றிரண்டாகத்தான் வருகின்றன. அவனோடு ஒத்த வயதுப் பிள்ளைகள் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த முப்பத்தாறு நாளை மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளைக்கு நான்கு வயதில் முப்பத்தாறு நாள் என்பது சின்னக் கணக்கில்லை. நான் கணக்கு டீச்சர், எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு மதியம். நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கவின் கூடத்தில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டேன். பழைய பழக்கம், ஒன்பது மாடிக்கும் கேட்கிற மாதிரி, "டேய் கவினு, எத்தன வாட்டிடா கூப்புடுறது, வாடா" என்று கத்தினேன். கட்டைகள் விழுகிற சத்தம் கேட்டது. அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். முகம் கடுகடுவென்று இருந்தது. அப்படியே என் அக்காவின் முகம்.

"கத்தாதம்மா. கேக்குது" என்றான்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மீன் தீய ஆரம்பித்தது.

"என்னடா சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."

சொன்னான். முன்னைவிட எரிச்சலாக.